வளர்ச்சிச் சாட்சிகள்

ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்கள் யாராவது வந்து சேர்ந்துவிட்டால் அந்தக் கல்லூரியின் எழுத்து வளர்ச்சித் துறைக்குக் கணக்கு உதைத்துவிடும். எழுதத் தெரியாதவர்களைப் பிடித்து எழுத்தாளர்களாக வளர்ப்பதற்கென்றே ஏற்பட்ட துறை அது. என்ன படிப்புப் படித்தாலும் அந்தத் துறையின் தாளில் தேறாமல் பட்டம் கிடையாது. கணக்குப் படிக்கிறவனும் வளர வேண்டும், விலங்கியல் படிக்கிறவளும் வளர வேண்டும். வளர்ந்தார்களா இல்லையா என்பதைத் துறை அளந்து பார்த்துச் சொல்லும்.

அளப்பதில் ஒரு சிரமமும் இல்லை. முதல் வாரம் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்குப் பெயர் விதை. அதையே ஆண்டு முழுக்கத் திருத்தித் திருத்தி எழுதிக் கடைசியில் கொடுப்பதற்குப் பெயர் மரம். மரத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணிலிருந்து விதைக்குக் கிடைத்ததைக் கழித்தால் வருவதுதான் வளர்ச்சி. நாற்பதில் இருபதாவது வளர்ந்திருந்தால் தேர்ச்சி. தினமும் வகுப்பு தொடங்கும் முன் எல்லாரும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நேற்று எனக்கு எழுதத் தெரியாது. இன்று கொஞ்சம் தெரியும். நாளை என் துறைக்கு நன்றி சொல்வேன்" என்று உறுதிமொழி சொல்வார்கள். தாமதமாக வருகிறவர்கள் அதை வராந்தாவில் நின்று தனியாகச் சொல்லிவிட்டு உள்ளே வரலாம்.

நம் கதையின் பெண் விலங்கியல் படித்தாள். பேச்சையும் இழுக்க மாட்டாள், எழுத்தையும் இழுக்க மாட்டாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். 'உங்கள் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி' என்ற தலைப்பைக் கரும்பலகையில் பார்த்ததும் அவள் யோசிக்கவே இல்லை. தன் அப்பாவுக்கு நடந்த விபத்தை எழுதினாள்.

அப்பா பெயின்டர். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து வெளிச்சுவருக்கு வர்ணம் அடித்தவர். கூடவே ஒரு கூட்டாளி. ஒருநாள் காலை பலகையின் ஒரு பக்கம் திடீரென்று சரிந்தது. கூட்டாளி அந்த இடத்திலேயே போய்விட்டார். அப்பா இடுப்பு உடைந்து பிழைத்தார். முடிச்சு சரியில்லை என்று காண்ட்ராக்டர் போலீஸிடம் சொன்னார். முடிச்சுப் போட்டது அப்பா. விபத்து என்று எழுதி எல்லாரும் கை கழுவிவிட்டார்கள்.

உண்மையில் முடிச்சு அவிழவே இல்லை. கயிற்றைக் கட்டியிருந்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்தான் பெயர்ந்து வந்தது. சுவரின் ஒரு துண்டோடு, முடிச்சு இறுகியபடியே கயிறு தன் பக்கத்தில் கிடந்ததை அப்பா கீழே படுத்தபடியே பார்த்தார். சாயங்காலத்துக்குள் காண்ட்ராக்டர் இடிபாட்டை அள்ளிச் சுவரைக் கட்டி முடித்துவிட்டார். தான் தப்பிக்கச் சொல்கிற கதை என்று நினைப்பார்களே என்று அப்பா வாயைத் திறக்கவில்லை. இப்போது அவருக்கு வீட்டில் உட்கார்ந்து வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிற வேலை. அப்படி ஒரு மத்தியானம் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் மகளிடம் இதைச் சொன்னார்.

கூட்டாளியின் மனைவி எதிர் வீட்டில்தான் இருந்தாள். ஹாஸ்டல் சமையலறையில் வேலை. முற்றுப்புள்ளிக்கு அவள் அத்தை, செத்துப்போன கூட்டாளி மாமா. வேலை முடிந்து வந்ததும் தன் வீட்டைத் திறக்கிறதற்கு முன்னால் இந்த வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுவாள். ஊர் முழுக்க முடிச்சைப் பற்றிப் பேசியபோதும் அப்பாவிடம் ஒருநாளும் அவள் எதுவும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"கட்டுரைய அத்தைகிட்ட படிச்சுக் காட்டட்டுமாப்பா?" என்று முற்றுப்புள்ளி அன்று சாயங்காலம் கேட்டாள்.

அப்பா பிரஷ்ஷைத் துடைத்து வைத்தார். "காட்டு பாப்பா. நான் சொன்னா நல்லா இருக்காது. எழுதினதுன்னா அது வேற."

கட்டுரை திருத்தி வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். வாயால் சொல்வதைவிட எழுத்தில் தான் சரியாகச் சொல்லியிருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு நியாயமானதுதான். கட்டுரைக்கு நாற்பதுக்கு முப்பத்தேழு கிடைத்திருந்தது.

மறுநாளே துறைத் தலைவர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தலைவருக்குப் பக்கத்தில் துறையின் அளவையாளர் உட்கார்ந்திருந்தார். இருவர் முகமும் இழவு வீட்டு முகமாக இருந்தது.

"நல்லா எழுதியிருக்கம்மா," என்றார் தலைவர்.

"தேங்க்ஸ் சார்."

"தேங்க்ஸ் சொல்ற விஷயமா இது? பெரிய சிக்கல்ல மாட்டி விட்டுட்டியே."

அளவையாளர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். "முப்பத்தேழு வாங்கிட்ட. மிச்சம் மூணு. நாங்க வருஷம் பூரா முட்டி மோதினாலும் மூணுக்கு மேல உன்னால வளர முடியாது. துறையோட சராசரி என்னாகும்னு யோசிச்சியா?"

"அப்ப நான் பாஸ் இல்லையா சார்?"

"ஃபெயில். முதல் வாரத்துலயே ஃபெயில். இதுவரைக்கும் யாரும் இப்படிப் பண்ணதே இல்ல."

"வேணும்னு பண்ணல சார்."

"அது தெரியுது," என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "அதனாலதான் நடவடிக்கை எடுக்காம கூப்பிட்டுப் பேசறோம்."

பேசி முடித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டுரையை மறுபடி மதிப்பிட்டார்கள். உவமை இல்லை, உள்முரண் இல்லை, ஒரு மரம் செடி கூட இல்லை, எழுதியவள் கடைசியில் எந்த மாற்றமும் அடையவில்லை என்று கழித்துக்கொண்டே போய் ஒன்பதில் வந்து நின்றார்கள். அவளைக் கைதூக்கிவிட்ட திருப்தி இருவருக்கும். அவளும் போகட்டும் என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, கட்டுரையைத் திருப்பிக் கேட்டாள்.

"எதுக்கு?"

"எங்க அத்தைகிட்ட படிச்சுக் காட்டணும் சார்."

தலைவர் சிரித்தார். "விதையப் போய் யாராவது ஊர்ல காட்டுவாங்களா? மரமானதும் காட்டு. அதுவும் இல்லாம, விதை வெளியில இருந்தா நாளைக்கு எவனாவது ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சிடுவான். துறைக்கு அது நல்லதில்ல."

அந்த வெள்ளிக்கிழமை விதைப்பு விழா. எல்லாருடைய முதல் கட்டுரைகளையும் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டார்கள். ஒவ்வொரு தாளும் உள்ளே போகும்போது மாணவர்கள் கைதட்ட வேண்டும். கைதட்டும் முறையைச் செய்து காட்டவே ஓர் உதவிப் பேராசிரியர் இருந்தார். தன் தாள் உள்ளே போனபோது முற்றுப்புள்ளியும் தட்டினாள். பிறகு கை எரிந்தது.

அடுத்து வந்தது வானிலை வாரம். எந்தக் கட்டுரையிலும் மனநிலைக்கு ஏற்ற வானிலை இருக்க வேண்டும். 'அன்றைக்கு நல்ல வெயில்' என்று அவள் இரண்டாவது வரைவிலும் எழுதியிருந்ததைத் தலைவர் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

"வெயில்ல யாராவது சாவாங்களாம்மா?"

"செத்தாரே சார்."

"வாழ்க்கையில எப்ப வேணும்னாலும் சாகலாம். கட்டுரையில மழை பெய்யணும்."

"மழையில வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க மாட்டாங்க சார். நிக்காது."

"அதெல்லாம் பெயின்டருக்குத்தான் தெரியும். பெயின்டரா நம்ம கட்டுரையப் படிக்கப் போறான்?"

மழை பெய்தது. உவமை வாரத்தில் கயிறு விதியின் நாக்காக மாறியது. ஐம்புலன் வாரத்தில் எல்லாருடைய கட்டுரையிலும் ஏதாவது மணக்க வேண்டியிருந்தது. கூட்டாளியின் ரத்தத்துக்கு ஈர மண்ணின் வாசனை வந்தது. சக மாணவர் கருத்துரை வாரத்தில் பக்கத்து பெஞ்சுப் பையன், இரண்டு பாராட்டுக்குப் பின் ஒரு யோசனைதான் சொல்ல வேண்டும் என்ற விதிப்படி, அவள் கையெழுத்தையும் தாளின் ஓரத்தில் அவள் விட்டிருந்த இடத்தையும் பாராட்டிவிட்டு, "செத்தது நாயா இருந்தா நல்லா இருக்கும். நாய்னா எல்லாரும் அழுவாங்க" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய கட்டுரையில் ஏற்கெனவே இரண்டு நாய்கள் செத்திருந்தன, நல்ல மதிப்பெண்ணும் வந்திருந்தது.

ஒவ்வொரு வரைவுக்கும் பின்னால் 'நான் எப்படி வளர்ந்தேன்' என்று ஒரு சிந்தனைக் குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பை எழுதியதால் எப்படி வளர்ந்தேன் என்று இன்னொன்று. 'ஒன்றும் வளரவில்லை' என்று ஒரு தடவை முற்றுப்புள்ளி எழுதிக் கொடுத்தாள். தன் வளர்ச்சியைத் தானே உணராத அளவுக்கு இயல்பாக வளர்ந்திருக்கிறாள் என்று அதற்கு முழு மதிப்பெண் போட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரவில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, அன்று உண்மையில் வெயில்தானே அடித்தது என்று ஒருமுறை அப்பாவிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அத்தை ஒவ்வொரு வாரமும், "என்னடி, என் வீட்டுக்காரரப் பத்தி ஏதோ எழுதறியாமே, எப்பக் காட்டுவ?" என்று கேட்பாள். "திருத்திக்கிட்டு இருக்கேன் அத்தை" என்பாள் இவள்.

கடைசியாக உள்முரண் வாரம் வந்தது. தலைவரே நேரில் வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்.

"உன் கட்டுரையில குத்தம் யாரோடது?"

"காண்ட்ராக்டரோடது சார். சுவர் சரியில்ல."

"அவன்தான் கட்டுரைக்குள்ளயே இல்லையே! வெளியில இருக்கறவன் மேல குத்தம் சொன்னா அது புகார் மனும்மா. உள்ள இருக்கறவன் மேல சொன்னாத்தான் அது இலக்கியம். உள்ள யாரு இருக்காங்க?"

"எங்க அப்பா. மாமா. அவரு செத்துட்டாரு."

"அப்ப அப்பாதான் பாக்கி. முடிச்சு யாரு போட்டது?"

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவரு அன்னிக்கு முடிச்ச இழுத்துப் பார்க்க மறந்துட்டாருன்னு வை. ஒரே ஒரு வரி. எப்படி எழும்பும் பாரு!"

"அது பொய் சார்."

"பொய் இல்ல, ஆழம்."

"அப்ப பெயின்டர்னு வேணாம் சார். வேற யாரோன்னு மாத்திக்கறேன். கப்பல்ல வேலை செய்யறவங்கன்னு வெச்சுக்கறேன்."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கற்பனையா? இந்தத் துறையில கற்பனைக்கே இடமில்ல. சொந்த அனுபவத்தத்தான் எழுதணும். உண்மைத்தன்மைக்கு மட்டும் பத்து மார்க். இது நூத்துக்கு நூறு உண்மைன்னு முகப்புல கையெழுத்து வேற போடணும்."

அவள் மூன்று நாள் அந்த வரியை எழுதாமல் இழுத்தடித்தாள். அது இல்லாவிட்டால் மரம் பன்னிரண்டைத் தாண்டாது என்று அளவையாளர் கணக்குப் போட்டுச் சொன்னார். பன்னிரண்டென்றால் வளர்ச்சி மூன்று, பட்டம் கிடையாது. அம்மா தையல் கம்பெனியில் நின்றுகொண்டே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்து அவளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு சார் படிப்பாங்க?"

"நான் படிப்பேன், இவரு படிப்பாரு. அப்புறம் பீரோவுக்குள்ள போயிடும். உங்க வீட்டுக்கு வேணும்னா நீ வேற எழுதிக்க, யாரு வேணாம்னா?"

பீரோவை அவள் நம்பினாள். 'அப்பா அன்றைக்கு முடிச்சை இழுத்துப் பார்க்க மறந்துவிட்டார்' என்று எழுதினாள். எழுதும்போது அழுகை வந்தது. அழுதால் நன்றாக எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்ததால் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மரத்துக்கு முப்பத்தொன்பது கிடைத்தது. முப்பது வளர்ந்திருந்தாள். துறையின் வரலாற்றிலேயே அவ்வளவு யாரும் வளர்ந்ததில்லை.

பரிசளிப்பு விழாவுக்கு ஒரு மரபு உண்டு. முதலிடம் பெற்றவர் தன் வளர்ச்சிச் சாட்சிகளோடு வர வேண்டும். அதாவது, இவருக்கு முன்பு எழுதத் தெரியாது என்பதை நேரில் கண்ட வீட்டார், உறவினர், அண்டை வீட்டார். அழைப்பைத் துறையே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அம்மா ஒருநாள் லீவு போட்டாள். அப்பா கைத்தடிக்குப் புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசினார். எதிர் வீட்டு அத்தை ஹாஸ்டலில் காலையிலேயே சமைத்து வைத்துவிட்டு, தன் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூவரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். சாட்சி என்று அச்சடித்த அட்டையை அவர்கள் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அளவையாளர் திரையில் ஒரு கோடு காட்டினார். கோடு தரையிலிருந்து கிளம்பிக் கூரையைத் தொட்டது. "இந்தப் பெண் எங்களிடம் வரும்போது ஒன்பது," என்றார். "சாட்சிகள் எழுந்து ஆமாம் என்று சொல்லலாம்." அம்மாவும் அத்தையும் விழித்தார்கள். பிறகு, பெண்ணுக்கு நல்லது நடக்கிறது, கெடுப்பானேன் என்று எழுந்து நின்று ஆமாம் என்றார்கள். அப்பா கைத்தடியை ஊன்றி எழ நேரமாயிற்று. அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, இந்தக் கட்டுரை பதினோரு வரைவு கண்டது. முதல் வரைவில் வெறும் நடந்த விஷயம்தான் இருந்தது. நடந்ததை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்கு ஒரு துறை எதற்கு, தலைவர் எதற்கு? வரைவுக்கு வரைவு நடந்ததை உதறி உதறித்தான் இந்தக் குழந்தை உண்மைக்கு வந்து சேர்ந்தாள். முகப்பில் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இப்போது அதை உங்களுக்கு நானே படிக்கப் போகிறேன்."

முற்றுப்புள்ளி மேடையில் எழுந்து அவரிடம் ஓடினாள். "சார், பீரோவுல வெச்சுடுவோம்னு சொன்னீங்களே சார்."

"சாதாரணக் கட்டுரையத்தாம்மா பீரோவுல வைப்போம்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் படிக்கத் தொடங்கினார்.

நன்றாகவே படித்தார். மழை பெய்யும் இடத்தில் குரலைத் தாழ்த்தினார். விதியின் நாக்கு வந்த இடத்தில் நிறுத்தினார். 'அப்பா அன்றைக்கு முடிச்சை இழுத்துப் பார்க்க மறந்துவிட்டார்' என்ற வரியை இரண்டு தடவை படித்தார். அத்தை திரும்பி அப்பாவைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் வாரை மட்டும் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா, எல்லாரும் தட்டியபோது தானும் தட்டினார்.

நன்றியுரைக்காக முற்றுப்புள்ளியிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"இது பொய்," என்றாள். "முடிச்சு அவிழல. சுவர்தான் பேர்ந்துச்சு. அன்னிக்கு மழையே இல்ல. மார்க்குக்காக நான் மாத்தி எழுதினேன். அப்பா மறக்கல."

தலைவர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு மைக்கை வாங்கினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "பார்த்தீர்களா! பரிசு வாங்கிய பிறகும் திருத்திக்கொண்டே இருக்கிறாள்! உங்கள் கண் முன்னால், இந்த மேடையிலேயே, பன்னிரண்டாவது வரைவு!" அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அளவையாளர் திரையில் கோட்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். அம்மா பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அது ஆடாமல் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராகத் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மறுநாள் முற்றுப்புள்ளி தலைவரிடம் போய்க் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பட்டம் போனாலும் பரவாயில்லை, நடந்தது இதுதான் என்று துறையின் பெயரில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் உண்மையிலேயே வருந்தினார். வளர்ந்ததைத் திரும்பச் சுருக்க விதியில் வழியில்லை, மலராக வேண்டுமானால் அடுத்த ஆண்டு சேரலாம் என்றார். மலர் என்பது துறையின் மேற்படிப்பு.

வீட்டில் அப்பா நம்பர் பிளேட் எழுதவில்லை. எங்கிருந்தோ பழைய கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். கம்பியில் பெயின்ட் உரிந்திருந்தது.

"பாப்பா, நான் இழுத்துப் பார்த்தேன்தானே?"

"பார்த்தீங்கப்பா. நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா நேத்திலேர்ந்து ஞாபகம் சரியா வரமாட்டேங்குது. அந்த சார் படிக்கும்போது அப்படித்தான் நடந்த மாதிரி இருந்துச்சு. மழைகூட பெஞ்ச மாதிரி இருக்கு."

"அது நான் எழுதினதுப்பா! பொய்ப்பா!"

"அவ்வளவு படிச்சவங்க, பார்க்காமலா பரிசு குடுத்திருப்பாங்க?" என்றார் அப்பா. மகளைக் குத்திக் காட்டவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. தாள் எடுத்து முதல் கட்டுரையை மறுபடி எழுதிப் பார்த்தாள். 'அன்றைக்கு நல்ல வெயில்' என்று தொடங்கியதும் அது என்ன மனநிலையைக் காட்டுகிறது என்று கை நின்றது. கயிறு என்று எழுதியதும் இன்னொரு சொல் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நாலு தாளைக் கசக்கிப் போட்டாள். எழுத்தே வேண்டாம், வாயாலேயே சொல்லிவிடுவோம் என்று எழுந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அத்தை கதவைத் திறந்து, வா என்றாள். அழுத முகம் இல்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், நாற்காலியில் கிடந்ததை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். இவள் உட்காரவில்லை. நின்றபடியே, அப்பா அந்த மத்தியானம் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாள். நல்ல வெயில் அடித்தது. மாமா அன்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பா முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சுவர் பெயர்ந்தது. கீழே கிடந்தபோது, துண்டுச் சுவரை இறுக்கிப் பிடித்தபடி முடிச்சு அப்படியே இருந்தது. ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

அத்தை குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். மடித்த புடவையை அடுக்கின் மேல் வைத்தாள். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல இவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏம்மா, இது எத்தனாவது வரைவு?"